ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) – வாய்ஸ்மெயில்: எல்லா காலும் மெயின் மெனுவுக்கே போகுது. அவசரம்

அட்மின்_சுரேஷ்: 215 எக்ஸ்டென்ஷன்ல எடுக்கலன்னா கால் வாய்ஸ்மெயிலுக்குப் போகுது. ஆனா 215-ஓட வாழ்த்து வராம "மெயில்பாக்ஸ் நம்பரை அழுத்தவும்"னு கேக்குது. மத்தியானத்துக்குள்ள வாய்ஸ்மெயிலோட எல்லா போர்ட்டும் (லைன்) பிஸி. ரீபூட் பண்ணாதான் விடுது. நாளைக்குள்ள முடிக்கணும்.

வயர்மேன்: வாய்ஸ்மெயில் தனிப் பெட்டியா, ஆஸ்டரிஸ்க்கா (கம்ப்யூட்டர்ல ஓடுற டெலிபோன் சாஃப்ட்வேர்)? நடுவுல இணைப்பு அனலாகா, பிஆர்ஐயா (டிஜிட்டல் லைன்), சிப்பா (நெட்வொர்க் வழி கால்)?

கன்சோல்_குமார்: எஸ்எம்டிஐ சீரியல் கேபிள் போட்டிருக்க மாட்டீங்க. அதோட செட்டிங் 1200 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி. யாருக்கு வந்த கால்ங்கிறது அந்த லைன்லதான் வரும்.

அட்மின்_சுரேஷ்: ஆஸ்டரிஸ்க். 4 போர்ட் எஃப்எக்ஸ்ஓ கார்டு (போன் லைனை கம்ப்யூட்டர்ல சேர்க்கிறது), ஈபிஏபிஎக்ஸோட 301–304 எக்ஸ்டென்ஷன்ல இருந்து வயர். சீரியல் கிடையாது.

பெல்மணி: இதை முதல் பதிவிலேயே எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது? அடிப்படை தெரியாம கை வைக்கக் கூடாது. சீரியல் இல்லன்னா டிடிஎம்எஃப் இன்டக்ரேஷன்தான் (நம்பரை பட்டன் டோனா அனுப்புறது). 301-ல கார்டைக் கழட்டிட்டு சாதா போனைச் சொருகுங்க. 215-க்கு அடிச்சு, ஃபார்வர்டு ஆனதும் எடுங்க. உடனே பீப் பீப்னு கேட்டா ஈபிஏபிஎக்ஸ் நம்பரை அனுப்புது. கேக்கலன்னா 301–304-ஐ வாய்ஸ்மெயில் போர்ட்டா புரோகிராம் பண்ணல.

வயர்மேன்: பீப் வந்தா, ஆஸ்டரிஸ்க் லாகர்ல (பதிவு) டிடிஎம்எஃப்-ஐ ஆன் பண்ணி மூணு விதமா அடிச்சுப் பாருங்க: எடுக்காதப்போ, பிஸியா இருக்கப்போ, 215-ல இருந்தே நேரா. முன்னாடி வர்ற இலக்கம் மூணுக்கும் மாறலாம். டயல்பிளான்ல (காலை எப்படி நடத்தணும்ங்கிற விதிகள்) ஆன்சர் ஆனதும் 3 விநாடி ரீட் (இலக்கங்களை வாங்குற கட்டளை) போடுங்க. மெனுவை முதல்ல ஓட விட்டா அந்த இலக்கங்களை மெனு விழுங்கிடும்.

பெல்மணி: போர்ட் தொங்குறது வேற கோளாறு.

வயர்மேன்: முழுக்க வேற இல்ல. மெனுவுல மாட்டினவர் வெச்சுடறார், மெனு விடாம திரும்பத் திரும்பக் கேக்குது. மூணு தடவைக்கு மேல கேக்காம கட் பண்ண வைங்க. அவர் வெச்சதும் வர்ற பிஸி டோனைக் கண்டுபிடிக்க பிஸிடிடெக்ட் யெஸ், பிஸிகவுன்ட் 4, பிஸிபேட்டர்ன் 750,750. நம்ம ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலி, 0.75 மௌனம். அமெரிக்க டோன் 0.5, 0.5. உங்க ஈபிஏபிஎக்ஸ் உள்ளுக்குள்ள வேற டோன் தரலாம், ரெக்கார்ட் பண்ணி அளந்துட்டுப் போடுங்க. மேக்ஸ்சைலன்ஸை (மௌனம் நீண்டா ரெக்கார்டிங்கை நிறுத்துற செட்டிங்) நம்பாதீங்க, பிஸி டோன் மௌனம் இல்லையே.

ஐபி_ரவி: இவ்வளவு பாடு எதுக்கு? சிப் டிரங்க் போடுங்க. டைவர்ஷன் ஹெடர்லயே (யாருக்கு வந்து திரும்பின கால்ங்கிற தகவல்) 215 வந்துடும், மெசேஜ் இருக்குன்னு போன்ல எரியுற லேம்ப்புக்கு நோட்டிஃபை.

கன்சோல்_குமார்: அந்த ஈபிஏபிஎக்ஸ்ல சிப் கார்டு இருக்கான்னே கேக்கலையே. சில மெஷின் டைவர்ஷன் அனுப்பாது, அதே தகவலுக்கு ஹிஸ்டரி-இன்ஃபோங்கிற வேற ஹெடர்தான்.

ஐபி_ரவி: இருந்தாலும் அனலாக்ல லேம்ப் எரிய வைக்க ஒரு போர்ட்ல இருந்து கோடு அடிக்கணும். அதே நேரம் அந்தப் போர்ட்டுக்கே கால் வந்தா முட்டிக்கும்.

வயர்மேன்: ஹன்ட் (வர்ற காலுக்கு காலி போர்ட் தேடுறது) 301-ல இருந்து மேல போகட்டும், லேம்ப் கோடு 304-ல இருந்து கீழ வரட்டும். முட்டறது ரொம்பக் குறையும்.

அட்மின்_சுரேஷ்: பீப் வரல. 301–304 சாதா எக்ஸ்டென்ஷனா இருந்துச்சு. மாத்தியாச்சு, 215 வாழ்த்து வருது. நன்றி.

வயர்மேன்: போர்ட் தொங்குறது நின்னுச்சா? டோன் அளந்தீங்களா?