மண்டபம் வீட்டுக் குழு

தம்பி: மாமா, மீன் வண்டிக்கு முன்னால் ரிலே வைத்து ரெண்டு லைட் மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் அணைகிறது, அணைத்தால் எரிகிறது! பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

கீழக்கரை அக்கா: அதிசய லைட்டுடா 😄

பாம்பன் மாமா: ரிலேயில் எத்தனை கால்?

தம்பி: அஞ்சு.

பாம்பன் மாமா: லைட் வயரை நடுக்காலில் சொருகினாயா?

தம்பி: ஆமா... அதுதான் வசதியாக இருந்தது.

பாம்பன் மாமா: அது 87ஏ என்று நம்பர் போட்ட கால். ரிலே சும்மா கிடக்கும்போது 30-ம் நம்பர் காலும் அதுவும் உள்ளே ஒட்டியிருக்கும். ரிலேக்குள் இருக்கிற கம்பிச்சுருள், அதான் காயில், அதுக்குக் கரண்ட் போனால்தான் 30 போய் 87-ஐத் தொடும். லைட்டை 87-க்கு மாற்று, நடுக்காலைச் சும்மா விடு.

கீழக்கரை அக்கா: ரிலே எதற்கு மாமா? அப்பா வண்டியில் சுவிட்ச் மட்டும்தானே இருந்தது?

பாம்பன் மாமா: தேவிபட்டினம் போகும்போது அந்த சுவிட்ச் உருகி நாறியதே, மறந்துவிட்டாயா? 55 வாட் பல்பு ரெண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். ரிலே இருந்தால் அந்தக் கரண்ட் ரிலே வழியாகப் போகும், சுவிட்ச் வழியாக வராது. சுவிட்ச் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும், அதுக்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம்.

பாம்பன் மாமா: தம்பி, ஃபியூஸ் எங்கே?

தம்பி: லைட் பக்கத்தில், 15 ஆம்பியர்.

பாம்பன் மாமா: தூக்கிப் பேட்டரி பக்கத்தில் வை. இடையில் வயர் தகரத்தில் உரசினால் அங்கே இருக்கும் ஃபியூஸ் என்ன செய்யும்? பேட்டரி, ஃபியூஸ், அப்புறம் 30. பார்க் லைட்டிலிருந்து வயர் எடுத்து, சுவிட்ச் வழியாகக் காயிலின் ஒரு காலான 86-க்குக் கொடு. பார்க் லைட்டை அணைத்தால் இதுவும் அணையும். காயிலின் இன்னொரு கால் 85, அது எர்த், அதாவது வண்டி பாடிக்கு.

அத்தை: எதிரே வண்டி வந்தால் அணைத்துவிடு சாமி. அவன் கண் கூசினால் ரோட்டில் படுத்திருக்கிற மாடு தெரியாது.

தம்பி: அதுக்குத்தான் அத்தை தனி சுவிட்ச்.

(ஒரு மணி நேரம் கழித்து)

தம்பி: சரியாகிவிட்டது மாமா! ஆனால் இடது லைட் மட்டும் மங்கல்.

பாம்பன் மாமா: எர்த் எங்கே கொடுத்தாய்?

தம்பி: பம்பர் போல்டில்.

பாம்பன் மாமா: கழற்றிப் பார்.

தம்பி: பச்சைப் பச்சையாக இருக்கிறது.

பாம்பன் மாமா: உப்புக்காற்று, போதாததற்கு ஐஸ் தண்ணீர் வேறு. பெயின்டைச் சுரண்டி, வயர் முனைக்குப் புது லக் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவு. ரிலேயையும் கால் கீழே பார்க்கிற மாதிரி மாட்டு, தண்ணீர் தங்காது.

தம்பி: ரெண்டும் ஒரே மாதிரி எரிகிறது 👍

அத்தை: நாளைக்கு வரும்போது ஒரு கிலோ சூடை மீன் எடுத்து வா.