புதுப்பிப்பு: மகனின் டிஸ்லெக்சியாவும் பந்துப் பயிற்சியும்

தரம் 3 படிக்கும் மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்), ஒற்றைக்காலில் நின்று பந்து பிடிக்கும் பயிற்சி வாசிப்பைத் திருத்துமா என்று போன தவணை கேட்டிருந்தேன்.

மூன்று மாதம் விடாமல் செய்தோம். இப்போது தடுமாறாமல் நிற்கிறான், கிளித்தட்டிலும் முந்துகிறான். வாசிப்பு மட்டும் அசையவில்லை. இப்படியான உடற்பயிற்சிகளால் சிறுமூளையைப் பழக்கி வாசிப்பைத் திருத்தலாம் என்னும் டோர் முறை பற்றி 2003இல் பிரித்தானியாவில் வந்த ஆய்வையும் தேடினேன். அதற்கு எழுந்த கண்டனங்கள் வலுவானவை.

பிறகு ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பழக்கத் தொடங்கினோம். கெ, கே, கொ... கொம்பும் அரவும்தான் பிள்ளையைப் படாதபாடு படுத்தின. முற்றத்து மணலில் விரலால் எழுதி, சத்தமாகச் சொல்லி, நாளுக்கு ஓர் எழுத்து.

நேற்று மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகையில் பஸ் யன்னலால் பார்த்து, ‘கொக்காவில்’ என்று பலகையைத் தானே வாசித்தான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தை நிறுத்தவில்லை. அது அவனுடைய ஆசை.