பாரிஸில் வென்றவர் உலக சாம்பியனா?

கேள்வி – தண்டையார்பேட்டைத் தந்தை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓராண்டாக ஜூடோ பழகுகிறாள். அவளுடைய தடித்த வெள்ளை மேற்சட்டையைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டால், கடற்காற்றின் ஈரத்தில் இரண்டு நாளானாலும் காலர் மட்டும் காய்வதில்லை என்பதைத் தவிர, இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வழக்கமாகப் பிப்ரவரியில் பாரிஸில் நடக்கும் போட்டியை அவள் கைப்பேசியில் விடாமல் பார்க்கிறாள். அதில் தங்கம் வெல்பவரை உலக சாம்பியன் என்று சொல்லலாமா? இந்தப் பக்கத்துக் குத்துச்சண்டையைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் கேட்கிறேன்.

பதில் – ராயபுரம் முன்னாள் வீரர்

சொல்ல முடியாது, ஐயா. பாரிஸ் போட்டி 1971இல் தொடங்கியது. 2009 முதல், உலக சாம்பியன்ஷிப்புக்குக் கீழ்நிலையான கிராண்ட் ஸ்லாம் தகுதியுடன் நடக்கிறது. அங்கே தங்கத்துக்குத் தரவரிசையில் 1000 புள்ளிகள், உலக சாம்பியன்ஷிப் தங்கத்துக்கு 2000. 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பாரிஸில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதியில் பிரான்ஸின் டெடி ரினேரிடம் தோற்ற தென்கொரியாவின் கிம் மின்ஜோங்தான், ரினேர் கலந்துகொள்ளாத அபுதாபி உலக சாம்பியன்ஷிப்பில் மே மாதம் பட்டம் வென்றார். ஆகஸ்டில் ஒலிம்பிக் இறுதியில் அதே இருவரும் மோதினர். ஆட்டத்தை அந்தக் கணமே முடித்துவிடும் முழுப்புள்ளியான இப்போன் எடுத்து வென்றவர் ரினேர்.

பதில் – வியாசர்பாடிப் பயிற்சியாளர்

தம்பி சொன்ன புள்ளிக்கணக்கு சரிதான். ஆனால் பாரிஸின் மதிப்பைப் புள்ளியால் மட்டும் அளப்பதை நான் ஏற்கமாட்டேன். 2010 செப்டம்பருக்குப் பின் தோல்வியே அறியாமல் தொடர்ந்து 154 முறை வென்றிருந்த ரினேரை, 2020 பிப்ரவரியில், அவருடைய சொந்த ஊர் ரசிகர்கள் நிறைந்த பாரிஸின் பெர்சி அரங்கிலேயே, ஜப்பானின் கொகோரோ காகேயுரா கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார். அது இறுதிப் போட்டிகூட அல்ல, மூன்றாம் சுற்று. காகேயுராவுக்கு அன்று தங்கமும் கிடைக்கவில்லை. இறுதியில் நெதர்லாந்தின் ஹென்க் குரோலிடம் தோற்றார். ஆனாலும் அந்த ஆண்டுப் போட்டி என்றால் ஜூடோ பழகுவோர் முதலில் சொல்வது காகேயுராவின் பெயரைத்தான். ரினேர் 2023இல் திரும்பி வந்து அங்கே ஏழாவது தங்கத்தையும், மறு ஆண்டே எட்டாவதையும் வென்றார் என்பது தனிக்கதை.

உங்கள் மகள் பிரான்ஸின் கிளாரிஸ் அக்பெக்னெனுவின் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கட்டும். பாரிஸில் பலமுறை வென்ற இவர், 2022 ஜூனில் குழந்தை பெற்று, 2023 மே மாதம் தோஹாவில் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். எதிராளியை வீசும் கணத்தை மட்டும் பாராமல், அதற்கு முன் காலரையும் கைப்பகுதியையும் பற்றுவதற்கு விரல்கள் நடத்தும் சண்டையைக் கவனிக்கச் சொல்லுங்கள்; பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பதில் – காசிமேடு அக்கா

நம் நாட்டுப் பெண்ணை விட்டுவிட்டீர்களே! மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022இல் சரயேவோவில் நடந்த கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) உலக சாம்பியன்ஷிப்பில் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அப்போது அவர் ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுப் பெண்தான். காலர் காய வேண்டுமென்றால் சட்டையைக் கொடியில் மடித்துப் போடாதீர்கள், அண்ணா. மூங்கில் கழியில் இரு கைகளையும் கோத்து, மின்விசிறிக்கு அடியில் தொங்கவிடுங்கள்.