எடைமேடை நிரலை ஒரே ஸ்டேட்டிக் பைனரியாகக் கொடுக்கலாமா? எல்ஜிபிஎல் சிக்கல்

லாரிமேடை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலைகளுக்கு எடைமேடை நிரல் செய்து கொடுக்கிறோம். குலை ஏற்றிவரும் லாரியின் எடையை இண்டிகேட்டரிலிருந்து (எடை காட்டும் கருவி) ஆர்எஸ்-485 கம்பி வழியாக வாசித்துச் சீட்டு அடிக்கும். ஆலைக்கு ஆலை லினக்ஸ் பதிப்பு வேறு. தோட்டத்துக்குள் லைன் மோசம் என்பதால் அப்டேட் எல்லாம் பெண்ட்ரைவில்தான். எனவே நூலகங்களையும் உள்ளேயே சேர்த்து ஸ்டேட்டிக்காக லிங்க் செய்து ஒரே கோப்பாகக் கொடுக்கலாம் என்று யோசனை. உள்ளே இருக்கும் நூலகங்கள் ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்), லிப்மாட்பஸ் (இண்டிகேட்டரோடு பேச), ரீட்லைன் (கட்டளை வரி உள்ளீடு), ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 (மறையாக்கம்), எஸ்க்யூலைட் (தரவுத்தளம்). எங்கள் மூல நிரலை வெளியே தருவதாக இல்லை. எல்ஜிபிஎல் (நூலகங்களுக்கான ஒரு திறமூல உரிமம்) இருந்தால் ஸ்டேட்டிக் கூடாது என்கிறார்களே? ஜிலிப்சிக்குப் பதில் மசல் (வேறொரு சி நூலகம்) போட்டால் தீருமா?

முடிச்சு:
முதலில் ரீட்லைனைத் தூக்குங்கள். அது எல்ஜிபிஎல் இல்லை, அதைவிடக் கடுமையான ஜிபிஎல் 3. அதை லிங்க் செய்து வெளியே கொடுத்தால், ஸ்டேட்டிக்கோ டைனமிக்கோ (நூலகம் தனிக் கோப்பாக இருப்பது), முழு நிரலும் ஜிபிஎல்லில் வரவேண்டும் என்பதே எஃப்எஸ்எஃப் (ஜிபிஎல்லை வெளியிட்ட அமைப்பு) நிலைப்பாடு. அதற்குப் பதில் லிப்எடிட் போடுங்கள், அது பிஎஸ்டி உரிமம், உங்கள் மூல நிரலைக் கேட்காது. ரீட்லைன் அழைப்புகளில் பெரும்பாலானவை அதே பெயரில் கிடைக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது, 3.0 முதல் அப்பாச்சி 2.0, உரிமப் பிரதியும் குறிப்புகளும் சேர்த்தால் சரி. எஸ்க்யூலைட் பப்ளிக் டொமைன், உரிமக் கட்டுப்பாடே இல்லை, அதைப் பற்றிக் கவலை விடுங்கள்.

ஜிலிப்சியும் லிப்மாட்பஸும் எல்ஜிபிஎல் 2.1. ஸ்டேட்டிக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. 6-ஆம் பிரிவு முக்கியமாகக் கேட்பது இது: வாங்கியவர் நூலகத்தை மாற்றி, உங்கள் நிரலோடு மறுபடி லிங்க் செய்ய முடியவேண்டும். அதற்கு உங்கள் மூல நிரல் தேவையில்லை, ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் செய்து, இன்னும் லிங்க் செய்யாத .ஓ கோப்புகள்) போதும். பெண்ட்ரைவில் பைனரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர்: உங்கள் .ஓ கோப்புகள், நீங்கள் பயன்படுத்திய அதே பதிப்பு நூலகங்களின் மூல நிரல் (உங்கள் பேட்ச்களோடு), லிங்க் கட்டளை முழுவதும் உள்ள ஸ்கிரிப்ட், உரிம உரை. இவற்றைக் கேட்டால் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் வழியும் உண்டு, ஆனால் குறைந்தது 3 வருடம் அந்த வாக்கைக் காக்கவேண்டும். கூடவே வைத்துவிட்டால் கணக்கு அன்றே முடிந்தது.

எல்டிஓ (லிங்க் நேரத்தில் மேம்படுத்தல்) போட்டு கம்பைல் செய்த .ஓ கோப்பைக் கொடுக்காதீர்கள். ஜிசிசியில் அது அந்தக் கம்பைலர் பதிப்புக்கு மட்டுமே புரியும். ஆலையில் இருப்பது வேறு பதிப்பாக இருந்தால் லிங்க் நின்றுவிடும்.

லாரிமேடை:
நன்றி அண்ணே. அப்போ மசல்?

கம்பைலர்காரன்:
மசல் எம்ஐடி உரிமம், எனவே ஜிலிப்சிக்கான கடமை போகும். லிப்மாட்பஸ் அப்படியே இருக்கிறதே, ஆப்ஜெக்ட் ஃபோல்டர் வைத்தே ஆகவேண்டும் தம்பி. லிப்மாட்பஸை மட்டும் தனி .எஸ்ஓ-வாக (டைனமிக் நூலகக் கோப்பு) வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், முழு ஸ்டேட்டிக் மசல் பைனரியில் டிஎல்ஓப்பன் (ஓடும்போது .எஸ்ஓ-வை ஏற்றும் அழைப்பு) வேலை செய்யாது.

இருந்தாலும் மசல் பக்கம்தான் என் ஓட்டு, உரிமத்துக்காக இல்லை. ஜிலிப்சியை ஸ்டேட்டிக்காகப் போட்டு கெட்அட்ரின்ஃபோ (சர்வர் பெயரிலிருந்து முகவரி தேடுவது) அழைத்தால் லிங்கரே எச்சரிக்கும்: ஓடும் இடத்திலும் அதே ஜிலிப்சி பதிப்பின் .எஸ்ஓ கோப்புகள் வேண்டும் என்று. ஆலைக்கு ஆலை லினக்ஸ் வேறு என்றால் சர்வர் பெயரைத் தேடும் இடத்தில் மாட்டும், ஒரே கோப்பு கொடுத்த பயனே போச்சு. மசலில் கவனிக்க வேண்டியது த்ரெட் ஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒதுக்கும் தற்காலிக நினைவகம்): தானாகக் கிடைக்கும் ஒதுக்கீடு 128 கேபிதான், ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. சீட்டு அடிக்கும் த்ரெட்டில் பெரிய பஃபர் வைத்திருந்தால் விழும். த்ரெட் தொடங்கும்போதே அளவைச் சொல்லிவிடுங்கள்.

முடிச்சு:
ஃபோல்டரைச் சோதிக்காமல் அனுப்பாதீர்கள். உங்கள் பில்ட் டைரக்டரி இல்லாத வேறு கணினியில், லிப்மாட்பஸின் ஒரு பிழைச்செய்தியில் இரண்டு எழுத்து மாற்றி, பெண்ட்ரைவில் உள்ளதை மட்டும் வைத்து லிங்க் செய்யுங்கள். இண்டிகேட்டர் வயரைப் பிடுங்கும்போது மாற்றிய செய்தி திரையில் வந்தால் சரி. பெரும்பாலும் விடுபடுவது லிங்க் வரிசையில் ஒரு .ஏ கோப்பு (ஸ்டேட்டிக் நூலகம்).

அறிமுகத் திரையில் உங்கள் பதிப்புரிமையைப் போட்டிருந்தால் லிப்மாட்பஸின் பதிப்புரிமையும், உரிமம் எந்தக் கோப்பில் என்பதும் அங்கேயே வரவேண்டும். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையும் பாருங்கள்: ரிவர்ஸ் இன்ஜினியரிங் (பைனரியைப் பிரித்து ஆராய்வது) கூடாது என்ற வரி முக்கால்வாசி ஒப்பந்தங்களில் நகலெடுத்து ஒட்டியதுதான். நூலகத்தை மாற்றிப் பிழை தேடுவதற்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதாவிட்டால் 6-ஆம் பிரிவோடு மோதும். இதெல்லாம் பைனரி வாங்கிய ஆலைக்குத்தான் லா, எடைச்சீட்டு வாங்கிப்போகும் லாரிக்காரருக்கு எதுவும் தரவேண்டாம்.