அரட்டை மேக்ரோவுக்குக் ‘கட்டுச்சொல்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அரட்டை மேக்ரோவுக்குத் (சாட் மேக்ரோ) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பெருமம், குறுநிரல், தானியங்கு உரை, வாய்பாடு. நான்கையும் ஒரு வாரமாக வாயில் போட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தவிர மற்றவை ஒட்டவே இல்லை. அந்த ஒன்றும் முழுசாக ஒட்டவில்லை. என்னிடம் ஐந்தாவதாக ஒரு சொல் இருக்கிறது. அதை வைப்பதற்கு முன், ஆட்டத்தின் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

நாம் பேசிக்கொண்டிருப்பது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ போன்ற இணையப் பாத்திர ஆட்டங்களில் வரும் அரட்டை மேக்ரோவைப் பற்றி. 2004-ல் வந்த ஆட்டம், இன்றைக்கும் ஆள் இருக்கிறது. அதில் சண்டை நடக்கும்போதே பேசவும் வேண்டும். இரண்டு கையும் வேலையாக இருக்கும் நேரத்தில் முழு வாக்கியத்தைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி ஒரு பொத்தானில் வைத்துவிடுகிறார்கள். சாய்கோடு போட்டு ‘எஸ்’ என்று தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும். ‘ஒய்’ என்றால் கூப்பாடு. ‘பி’ என்றால் கூட்டாளிகளுக்கு மட்டும். மந்திரம் போடும் ஆணையையும் அதே மேக்ரோவில் மேல் வரியாக எழுதலாம். ஒரு தட்டு தட்டினால் மந்திரமும் போகும், பேச்சும் போகும்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது வார்லாக் என்ற மந்திரவாதிப் பாத்திரம் வைத்திருக்கும் அழைப்பு மேக்ரோதான். எங்கோ தூரத்தில் இருக்கும் கூட்டாளியை வார்லாக் தன் இடத்துக்கு வரவழைக்கலாம். ஆனால் தனியாக முடியாது, அதற்காக வார்லாக் எழுப்பும் மந்திர வாசலை இன்னும் இரண்டு பேர் தொட வேண்டும். ஆகவே “இன்னாரை அழைக்கிறேன், இரண்டு பேர் தொடுங்கள்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். ‘இன்னார்’ என்ற இடத்தில் சதவீதக் குறியும் ‘டி’ எழுத்தும் போட்டு வைத்தால், அப்போது யாரைக் குறிவைத்திருக்கிறோமோ அவர் பெயர் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சொற்களை உரசிப் பார்க்கலாம்.

பெருமம். கிரேக்கத்தில் ‘மேக்ரோ’ என்றால் நீண்டது, பெரியது. அசெம்பிளி மொழியில் நிரல் எழுதிய காலத்தில், எழுதுவது ஓர் ஆணை, அது விரிவது பல ஆணை. அந்த விரிவை வைத்து வந்த பெயர் அது. வேர்ச்சொல்லைப் பார்த்தால் பெருமம் சரி. ஆனால் ஆட்டக்காரர் கையில் இருப்பது விரல்நகம் அளவு பொத்தான், அதற்குள் 255 எழுத்து. அதைப் போய்ப் பெருமம் என்றால் ஏன் என்று விளக்க ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். குறுநிரல் என்பதும் இப்படித்தான். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு இரண்டு மூன்று பொருள்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதுகிறவர் நிரலாளரும் இல்லை.

‘தானியங்கு உரை’தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. அதை ஏற்றுக்கொண்டால் பொருளே மாறிவிடும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன். அரட்டை மேக்ரோ தானாக இயங்குவதில்லை. விரல் ஒரு முறை பட்டால் ஒரு முறை போகும். இரண்டு வரிக்கு நடுவே ஐந்து நொடி பொறுத்திரு என்று எழுதி வைக்கக்கூட அதில் வழி கிடையாது. துணைநிரல்களுக்கும், அதாவது ஆட்டத்தோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களுக்கும் (ஆட்-ஆன்), இதே கதைதான். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, சண்டைக்கு நடுவே ஒரு துணைநிரல் நமக்காக முடிவெடுத்து மந்திரம் போடவோ எதிரியைத் தேர்ந்தெடுக்கவோ முடியாதபடி பூட்டிவிட்டார்கள். 2019-ல் 8.2.5 பதிப்பு வந்தபோது பேச்சுக்கும் பூட்டு போட்டார்கள். திறந்தவெளியில் நிற்கும்போது, ஆட்டக்காரரின் கை விசையிலோ மவுஸிலோ படாமல் துணைநிரல் தானாகவே எல்லோர் காதிலும் விழும்படி எதையும் சொல்ல முடியாது. அதாவது, கை பட வேண்டும் என்பதே இந்தப் பொருளின் உயிர். கை படாமல் ஓடுவதற்கு ஆட்ட உலகில் வேறு பெயர், அது ஏமாற்று, கணக்கையே முடக்குவார்கள். ‘தானியங்கு’ என்று நாம் பெயர் வைத்தால், ஒழுங்காக ஆடுகிற பிள்ளையும் ஏமாற்றுகிறவனும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவார்கள்.

வாய்பாடு எனக்குப் பிடித்த சொல். ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்று இலக்கணத்தில் படித்தோமே, அங்கே ‘செய்து’ என்பது ஓர் அச்சு. வந்து, போய், தின்று என்று எது வேண்டுமானாலும் அதில் வார்க்கலாம். பெயர் மாறி வந்து உட்காரும் அழைப்பு மேக்ரோவுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய சொல் இல்லை என்று முன்மொழிந்தவர் எழுதியதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். ‘தந்தனத்தோம் என்று சொல்லியே’ என்று தொடங்குவதிலிருந்து, நாட்டு வளம் சொல்வது, பிள்ளை பிறந்ததைச் சொல்வது வரை, புலவருக்குக் கைவசம் அச்சுகள் உண்டு. சுடலைமாடன் கதைக்கும் முத்துப்பட்டன் கதைக்கும் அவை பொதுதான், பெயர் மட்டும் மாறும். அவ்வளவு நல்ல சொல். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாய்பாடு என்றால் பதினாறாம் வாய்பாடு. வேதியியலில் வாய்பாடு என்றால் நீரின் வாய்பாடு. மூன்றாவது பொருளையும் அதன் தலையில் ஏற்றினால் பாவம், தாங்காது.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். இந்த ஆட்டத்தில் அவன் வார்லாக். அவனோடு தூத்துக்குடி, கோவில்பட்டிப் பையன்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை ராத்திரி கூடுவார்கள். போன சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கேட்டால் பிள்ளைகள் ‘மேக்ரோ’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அதனால் அவர்கள் அதற்கு என்ன வினை போடுகிறார்கள் என்று மட்டும் காத்திருந்தேன். ஒரு பையன் அழைப்புக்கு வரி கேட்டான். இவன் சொன்னான்: “எல, நான் ஏற்கெனவே ஒண்ணு கட்டி வச்சிருக்கேன். அனுப்புதேன், பாரு.” கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன், “செத்துப்போனா சொல்லுததுக்கு ஒண்ணு கட்டணும்” என்றான். எழுதுவது என்றோ உருவாக்குவது என்றோ ஒருவரும் சொல்லவில்லை. கட்டுவதுதான். மறுநாள் காலையில் நான் கேட்டபோது அவனுக்கே வியப்பு. “அப்படியா சொன்னேன்? இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கியளே மாமா” என்றான்.

வினை இருந்தால் பெயர் தூரத்தில் இல்லை. கட்டுச்சோறு இருக்கிறதே! ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் புளிச்சோற்றையும் துவையலையும் வாட்டிய வாழையிலையில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவகாசம் இருக்கும்போது வீட்டில் சமைத்துக் கட்டியது, அவகாசம் இல்லாத இடத்தில் பிரித்தால் போதும். அங்கே போய் அடுப்பு மூட்ட வேண்டாம். ஆனால் பிரிப்பதற்குக் கை வேண்டும். தானாகப் பிரியாது. அரட்டை மேக்ரோ அச்சு அசல் இதுதான். சண்டை இல்லாத நேரத்தில் கட்டுகிறோம், சண்டை நேரத்தில் ஒரு தட்டில் பிரிக்கிறோம். ஆகவே: கட்டுச்சொல்.

பயன்பாட்டில் வைத்துப் பாருங்கள். “அழைப்புக்கு ஒரு கட்டுச்சொல் வைத்திருக்கிறேன்.” “அந்தக் கட்டுச்சொல்லைக் கொஞ்சம் அனுப்பு.” “ஒரே கட்டுச்சொல்லைப் பத்து தடவை போடாதே, கூட இருப்பவர்களுக்குச் சலித்துவிடும்.” பாத்திரமாகவே பேசி ஆடும் சர்வர்களில் இந்தச் சலிப்பு பெரிய விஷயம். மனுஷன் பேசுகிற மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் கதை கெட்டுவிடும். ‘ஸ்பீக்கின்ஸ்பெல்’ என்ற துணைநிரல் அதற்காக வந்ததுதான். நாம் எழுதி வைத்த பல வரிகளில் ஏதாவது ஒன்றை எடுத்து மந்திரத்தோடு சேர்த்து விடுவது அதன் வேலையாக இருந்தது.

எழுத்துக் கணக்கிலும் ஒரு சேதி உண்டு. 255 என்று சொன்னேன், அது நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. ‘கட்டுச்சொல்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் ஆறு எழுத்து. யாப்பு படித்தவர் ஒற்றை நீக்கி எண்ணினால் மூன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணும்போது மெய்யைச் சேர்ப்பதில்லை அல்லவா, அந்தக் கணக்கு. யூனிகோடு எண்ணினால் பதினொன்று. அதற்குப் புள்ளியும் ஓர் எழுத்து, உகரக் குறியும் ஓர் எழுத்து. யூடிஎஃப்-8-ல் பைட்டாக எண்ணினால் 33. மூன்று, ஆறு, பதினொன்று, முப்பத்து மூன்று! யாப்பு எந்தப் புள்ளியை எண்ண மாட்டேன் என்றதோ அதற்கு இங்கே முழு விலை. தமிழில் கட்டுச்சொல் எழுத நினைக்கிறவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைந்த இடம்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதற்குப் பழக்கம் மட்டுமா காரணம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த மடலை நேற்றே எழுதிவிட்டு, என் சொல்லை மட்டும் இரண்டு நண்பர்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டும் நியாயமானவை.

முதலாவது: கட்டுச்சொல் என்றால் கட்டுக்கதை மாதிரி, இட்டுக்கட்டியது, பொய் என்று தொனிக்காதா? தொனிக்கலாம். ஆனால் ‘கட்டு’ என்று தொடங்குகிற சொற்களைக் கொஞ்சம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கட்டுச்சோறு, கட்டுமரம். உவரியிலும் இடிந்தகரையிலும் கடலில் போன கட்டுமரத்தில் பொய் எதுவும் இல்லை, மரத்தைச் சேர்த்துக் கட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டுரை. கட்டிய உரை. பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரும் எழுதியிருக்கிறோம், ஒருவரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கட்டுரை நிற்கும்போது கட்டுச்சொல்லும் நிற்கும்.

இரண்டாவது மறுப்பு அழகானது. கட்டுச்சோற்றுக்குப் பொதிசோறு என்றும் பெயர் உண்டே, பொதிகை மலைக்காரர் நீங்கள் ‘பொதிச்சொல்’ என்று வைக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ‘சாஃப்ட்வேர் பேக்கேஜ்’ என்பதை மென்பொருள் பொதி என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டோம். பொதிச்சொல் என்றால் பொதியோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். அதோடு, பையன்கள் சொன்ன வினை கட்டுவது. பொதிவது இல்லை. அவர்கள் வாயில் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

துணைநிரலைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம் என்று நினைக்கிறேன். உலாவிகளில் துணைநிரல், நீட்சி இரண்டும் புழங்குகின்றன. ஆட்டத்தில் துணைநிரலே போதும். அது உண்மையிலேயே நிரல்தான், லுவா மொழியில் எழுதித் தனிக் கோப்புறையில் போடுகிறார்கள். அரட்டை மேக்ரோக்களைச் சேர்த்து வைத்து மேய்க்கிற துணைநிரலைக் ‘கட்டுச்சொல் துணைநிரல்’ என்று சொல்லிவிடலாம்.

எக்செல் போன்றவற்றில் வரும் பொது மேக்ரோவுக்கும் இதையே நீட்டலாமா என்று கேட்பீர்கள். கூடாது என்பது என் கருத்து. அங்கே சொல் இல்லை, ஆணைகள்தான் இருக்கின்றன. ‘கட்டாணை’ என்று ஒன்று தோன்றியது. ஆனால் அதை வாயில் போட்டு இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை, அதனால் இன்றைக்கு முன்மொழியவில்லை.

நிஜமாகவே எனக்குப் பிடிபடாமல் நிற்பது, பெயர் வந்து உட்காரும் அந்த இடம்தான். சதவீதக் குறியும் டி எழுத்தும். ‘இடங்கொள்ளி’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார், எனக்கு அது கொள்ளிக்கட்டையைத்தான் நினைவூட்டுகிறது. இப்போதைக்குப் ‘பெயர்க்குழி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பல்லாங்குழியில் முத்தைப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் விழுகிற குழி. யாரையும் குறிவைக்காமல் அமுக்கினால் ‘இலக்கு இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும் அல்லவா, அதைக் ‘குழி காலி’ என்று சொல்லலாமா என்று மருமகனிடம் கேட்டேன். “அது நல்லா இருக்கு மாமா” என்றான். ஆனால் அவன் ஒருவன் சொன்னது போதாது. பல்லாங்குழி ஆடிப் பழகியவர்கள் யாராவது, முத்து இல்லாத குழிக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். அதற்கென்று தனிச்சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து