மேகநீர் அயனிச் சமநிலையில் இடைவெளி: உதவி தேவை

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் வைட்ஃபேஸ் மலை மேகநீர் (மேகத் துளிகளைச் சேகரித்துப் பெறும் நீர்) தரவு பற்றி ஒரு கேள்வி. 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் சல்பேட் சரிந்து பிஎச் ஏறியது (அமிலத்தன்மை குறைந்தது) தெளிவு. சிக்கல் அண்மைய மாதிரிகளில்தான். நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகைகள் சமமாக இருக்க வேண்டும்; ஆனால் நேர்மின் பக்கம் விஞ்சி நிற்கிறது. எதிர்மின் அயனியான பைகார்பனேட்டைச் சேர்த்தாலும் (பிஎச் 6இல் லிட்டருக்குச் சுமார் 6 மைக்ரோஈக்விவலன்ட், அதாவது மின்னேற்றக் கணக்கிலான செறிவு) இடைவெளி அடைபடவில்லை. கரிம அமிலங்களின் எதிர்மின் அயனிகளான ஃபார்மேட், அசிட்டேட் மீது வலுவான சந்தேகம். இவற்றை நுண்ணுயிரிகள் சில நாள்களிலேயே சிதைத்துவிடும். பாதுகாப்பான் சேர்க்காத பழைய குப்பிகளை மறுபடி அளந்து பயனில்லை.

புதிய மாதிரிகளில் பாதுகாப்பானாகக் குளோரோஃபார்ம் சேர்ப்பதா, உடனே உறைய வைப்பதா? அயனி குரோமட்டோகிராஃபியில் (அயனிகளைப் பிரித்து அளக்கும் முறை) கார்பனேட் கரைசல் ஓடும்போது ஃபார்மேட், அசிட்டேட் இரண்டும் ஃபுளூரைடை ஒட்டியே வெளிவந்து கலக்கின்றன. ஹைட்ராக்சைடு கரைசலில் எந்தச் செறிவு சரிவரும்? உங்களிடம் உள்ள சராசரிகளைத் தந்தால், தயவுசெய்து பிஎச்சை நேராகக் கூட்டி வகுக்காமல், ஹைட்ரஜன் அயனிச் செறிவாக மாற்றி நீரளவால் எடையிட்டுத் தாருங்கள்.