குறைந்த பட்ஜெட்டில் முதல் தச்சுக் கருவிகள்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி

மின்கருவி இல்லாமல் ஒரு சின்னப் புத்தக அலமாரியும் ஒரு முக்காலியும் செய்ய வேண்டும். கையில் பணம் கொஞ்சம்தான். பெட்டியோடு வரும் 30 சாமான் செட் ஒன்று பார்த்தேன். அதே பணத்துக்குத் தனித்தனியாக ஏழெட்டுக் கருவி வாங்கலாம். எது சரி? இழைப்புளி இப்போதே வேண்டுமா?

பதில் 1

செட் வேண்டாம். இந்த இரண்டு வேலைக்கும் தொடவே தொடாத சாமான்தான் அதில் பாதி இருக்கும். மலிவான செட் உளிகளில் பதம் சரியாக ஏறியிருக்காது. நாலு அடியிலேயே முனை மடங்கிவிடும்.

முதலில் சாணைக்கல்லுக்குப் பணம் ஒதுக்குங்கள். அடுத்து 6, 12, 25 மி.மீ. உளி மூன்று. முக்காலிக் காலில் துளை எடுத்துக் குறுக்குச் சட்டத்தைச் செருகப் போகிறீர்கள் என்றால், துளையின் அகலம் காலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 36 மி.மீ. காலுக்கு 12 மி.மீ. உளி அளவாக இருக்கும். கூடவே கொட்டாப்புளி, 300 மி.மீ. காம்பினேஷன் ஸ்கொயர் (செங்கோணம் பார்க்கும் மட்டம்), மார்க்கிங் கேஜ் (விளிம்புக்கு இணையாகக் கோடு போடும் கருவி), கோடு கீற ஒரு கட்டர் கத்தி. பென்சில் கோட்டுக்கே தடிமன் உண்டு. கத்திக் கீறலில் உளி தானாகப் போய் உட்காரும், மூட்டு இறுக்கமாக வரும்.

ரம்பம் ஒன்றுதான் முடியும் என்றால், இரண்டு பக்கமும் பல் உள்ள ஜப்பானிய இழுவை ரம்பம் எடுங்கள். ஒரு பக்கம் நீளவாக்கில் அறுக்க, மறுபக்கம் குறுக்கே அறுக்க. தகடு மெல்லியது. தள்ளும்போது அழுத்தினால் வளைந்துவிடும், இழுக்கும்போது மட்டும் அறுக்க வேண்டும். பல் முனை கருநீலமாக இருந்தால் அது கடினப்படுத்திய பல். அரம் ஏறாது, மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

இழைத்த பலகையே வாங்கினால் இழைப்புளி அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம். பசை போட்ட பிறகு இறுக்க நாலு கிளாம்ப் இல்லாமல் முடியாது.

பதில் 2

ஸ்கொயர் வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு போட்டு, ஸ்கொயரைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், அந்த இடைவெளி உண்மையான பிழையைப் போல் இரு மடங்கு. அப்படிப்பட்டதை எடுக்காதீர்கள்.

புது உளியும் தீட்டாமல் வெட்டாது. கல்லுக்கே பணம் போதாவிட்டால் கனமான கண்ணாடித் துண்டில் 400, 1000, 2000 எண் தண்ணீர்த்தாள் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட மென்மை) ஒட்டிக்கொள்ளலாம். முதலில் உளியின் தட்டையான முதுகு: முனையை ஒட்டிய 20 மி.மீ. சமமானால் போதும், முழுதும் தேய்க்க வேண்டாம். பிறகு சரிவை 25 பாகையில் தேய்த்து, கடைசியில் 30 பாகைக்குத் தூக்கிச் சில இழுப்பு. தாளில் இழுக்க மட்டும் செய்யுங்கள்; தள்ளினால் முனை தாளைக் கிழிக்கும்.

பெரும்பாலானோர் தவறுவது பிசிரில், அதாவது தேய்க்கும்போது முனையில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு விளிம்பில். முதுகுப் பக்கம் விரலால் தடவினால் முனையின் முழு அகலத்துக்கும் பிசிர் தட்டுப்பட வேண்டும். அதற்கு முன் அடுத்த தாளுக்குப் போனால் எவ்வளவு தேய்த்தும் கூர் வராது. மென்மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள். பளபளப்பாக வந்தால் கூர் சரி; நசுங்கிப் பொடியாக உதிர்ந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பழைய 5ஆம் எண் இரும்பு இழைப்புளி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் துரு. எடுக்கலாமா?

பதில் 1

மேல்துருவுக்குப் பயப்பட வேண்டாம், எண்ணெய் விட்டு உப்புத்தாள் போட்டால் போய்விடும். வாயைச் (அலகு வெளியே நீட்டும் அடிப்பக்கத் திறப்பு) சுற்றியும் பக்கச் சுவரிலும் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு விரிசலை வீட்டில் சரிசெய்ய முடியாது. அலகின் முதுகில், முனையருகே துரு குழி பறித்திருந்தால் புது அலகின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அடிப்பாகத்தில் நேர்சட்டம் வைத்துப் பார்க்கும்போது முன்முனை, வாய்க்குச் சற்று முன்னால், பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் தொட வேண்டும். நடுவில் பள்ளம் இருந்தாலும் வேலை நடக்கும். வாய்க்கு முன்னால் பள்ளம் என்றால் மரத்தின் நாரை அழுத்திப் பிடிக்க ஆளில்லை, மரம் பெயர்ந்து வரும். அலகின் மேல் உள்ள மூடித்தகடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் சுருள் உள்ளே புகுந்து அடைக்கும். முனையிலிருந்து 1 மி.மீ. தள்ளிப் பூட்டி ஆரம்பியுங்கள். நார் பெயர்ந்தால் முதலில் பலகையை முன்பின்னாகத் திருப்பி வைத்து எதிர்த்திசையில் இழையுங்கள், பிறகு தகட்டை இன்னும் நெருக்கிப் பாருங்கள்.